ஸ்டுடியோக் காலத் தமிழ்த் திரைப்படத்தில் நடிகைப் பயிற்சி

1930கள் முதல் 1950கள் வரை தமிழகத்தின் பெரிய படப்பிடிப்பு நிலையங்கள் கலைஞர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்திப் படமெடுத்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னையின் ஜெமினி, ஏவிஎம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. புதுமுக நடிகைகளை உருவாக்குவதும் இம்முறையின் ஒரு பகுதியாக இருந்தது.

பின்னணி

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அக்காலத்தில் நடிகை தன் குரலிலேயே பாட வேண்டும். எனவே நாடகக் குழுக்களிலும் இசைக் குடும்பங்களிலும் வளர்ந்தவர்களே பெரும்பாலும் நாயகிகளாயினர். 1938இல் நந்தகுமார் படத்தில் ஏ. வி. மெய்யப்பன் பின்னணிக் குரலைப் பயன்படுத்தினார். இம்முறை பரவியபின் பாட்டுத் திறன் கட்டாயமாக இல்லை. தோற்றமும் நடனமும் முதன்மை பெற்றன.

வைஜெயந்திமாலா

ஏவிஎம்மின் வாழ்க்கை (1949) படத்துக்குப் புதுமுகம் தேடிய இயக்குநர் எம். வி. ராமன், சென்னை கோகலே மண்டபத்தில் வைஜெயந்திமாலாவின் பரதநாட்டியத்தைக் கண்டார். இவருடைய தாய் வசுந்தரா தேவி, ஜெமினியின் மங்கம்மா சபதம் (1943) படத்தின் நாயகி. ஆயினும் படிப்பும் நடனமும் கெடும் என்று பாட்டி தயங்கினார், பின்னரே இசைந்தார்.

அப்படம் தெலுங்கில் ஜீவிதம் (1950), இந்தியில் பஹார் (1951) எனவும் எடுக்கப்பட்டது. தெலுங்கு வசனங்களைத் தந்தையின் உதவியோடும் பயிற்சியோடும் பேசிய வைஜெயந்திமாலா, இந்திக்காக இந்திப் பிரச்சார சபையில் பயின்று சொந்தக் குரலே கொடுத்தார். இவருடைய நடனம் வழுவூர் இராமையா பிள்ளையிடம் கற்றது. ஏவிஎம் அளித்தது மும்மொழிச் சந்தை.

ஒப்பந்தமும் உரிமையும்

மாதச் சம்பளம் நிலையான வருமானத்தைத் தந்தது. ஆனால் எந்தப் படம், எந்த வேடம் என்பதை நிறுவனமே முடிவு செய்தது. ஹாலிவுட்டிலும் இதே நிலைதான். அங்கு ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் ஏழு நாட்காட்டி ஆண்டுகளைத் தாண்டி நீளாது என 1944இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் அத்தகைய தீர்ப்பால் அன்றி, நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் ஊதியம் பேசத் தொடங்கியதால் இம்முறை தேய்ந்தது.

இன்றைய சட்டம்

14 வயதுக்குட்பட்ட கலைஞர்கள் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் பணிபுரியக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் கூறுகின்றன. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகச் செலுத்துவதும் கட்டாயம். ஸ்டுடியோக் காலத்தில் வீட்டுப் பெரியவர்களின் விழிப்பையே நம்பியிருந்த பாதுகாப்பு, இதன்மூலம் சட்டக் கடமையானது.