மலையகத்தில் மரக்கறிச் செய்கையும் நில உறவும்

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை என்னும் இரு பயிர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. லயத்தின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் தொழிலாளர் வளர்த்த மரக்கறிக்கு அதில் இடமில்லை. எனினும், மாறும் நிலைமைகளுக்கேற்ப உழவர் தம் செய்கையை எவ்வாறு மாற்றிக்கொள்கின்றனர் என்பதை அறிய அச்சிறு பாத்திகளே தக்க சான்றாகும் என்பது எமது கருத்து.

1848இல் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர், காடழித்த அம்மண் எருவின்றி விளையாது என்பதை விரைவிலேயே கண்டார். 1869இல் வெளிப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, தோட்டத்துரைமார் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறினர். நிலம் மூலதனத்தின் கையில் இருந்தமையால் அம்மாற்றம் இயன்றது. தொழிலாளியின் பாத்தியோ துரையின் இசைவில் தங்கியிருந்தது. இவ்வேறுபாடே நாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

பாத்திகளில் விளைவனவற்றை நோக்குவோம். முள்ளங்கி ஏறத்தாழ ஒன்றரை மாதத்திற் பறிக்கப்படுகிறது; கரட்டும் கோவாவும் மூன்று நான்கு மாதங்களில் விலையாகின்றன. பேரி மரமோ காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். குளிர்ந்த மலைச்சாரல் அதற்கு ஏற்றதாயினும், நாளை பறிக்கப்படக்கூடிய நிலத்தில் எவரும் மரம் நடுவதில்லை. பயிரின் ஆயுள் உரிமையின் ஆயுளைக் காட்டுகிறது எனலாம். சொந்த நிலமுடையோரும் குறுகியகாலப் பயிர்களையே விரும்புகின்றனரே என ஒருவர் வினவலாம். உண்மையே. ஆனால் அவர்களுக்கு அது தெரிவு. தொழிலாளிக்கு அது நிர்ப்பந்தம்.

இந்நிர்ப்பந்தத்துக்குள்ளும் அறிவு தொழிற்பட்டுள்ளது. தேயிலைக்கு உவப்பான புளிப்பு மண்ணைச் சுண்ணாம்பிட்டு மரக்கறிக்குப் பதப்படுத்தினர். தேயிலை மலையிற் கற்ற முள்ளுக்குத்தும் கான் வெட்டும் பாத்திகளுக்கும் பயன்பட்டன. ஒரே நிலத்தில் உருளைக்கிழங்கையே தொடர்ந்து நட்டால் நோய் பெருகும் என அறிந்து, லீக்சையும் கரட்டையும் மாற்றி மாற்றி இட்டனர். கூலிக்கு விற்ற உழைப்பில் ஈட்டிய திறனைத் தம் வயிற்றுக்காக அவர்கள் திருப்பிக்கொண்டனர்.

அரசின் கொள்கைகளும் இச்செய்கையைத் தாக்கின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது; அரசின் காணிப் பங்கீடு அவர்களுக்கு எட்டாததாயிற்று. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் அதன் செய்கை பெருகியது. ஆயின் நிலமும் முதலும் உடையோரே அதிற் பெரிதும் பயனடைந்தனர். நிலமற்றோர் பலர் அவர்களது தோட்டங்களிற் கூலிகளாயினர். 1972இலும் 1975இலும் மேற்கொள்ளப்பட்ட நிலச்சீர்திருத்தம் பெருந்தோட்டங்களை அரசிடம் சேர்த்ததேயன்றித் தொழிலாளரிடம் சேர்க்கவில்லை. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. உணவு விளைக்கத் தெரிந்த மக்கள், விளைப்பதற்கு நிலமின்றி மடிந்தனர் என்பதை வரலாறு மறத்தலாகாது.

1996இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தளர்த்தப்பட்டபோது விலை வீழ்ச்சியை உழவரே தாங்கினர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பசளையையே நம்பியிருந்த மரக்கறிச் செய்கை பெரிதும் நலிந்தது. இயற்கைப் பசளைக்கு மாறுவதற்குக் காலமும் கால்நடையும் முதலும் வேண்டும். ஆணை ஒன்று அவற்றைத் தந்துவிடாது.

சரிவுகளில் மரக்கறி பயிரிடுவோரே மண்ணரிப்புக்குக் காரணர் என்று குறைகூறுவோர் உளர். மண்ணரிப்பு உண்மையே. ஆனால் கல்லணை கட்டுவதன் பயன் பல ஆண்டுகளுக்குப் பின்னரே கிட்டும். அடுத்த போகம் வரை நிலம் தன்னிடம் இருக்குமா என அறியாதவன் அணை கட்டுவானா? உறுதிப்பத்திரம் இல்லாதவனுக்கு வங்கிக் கடனும் அரிது.

ஆகவே, விதையும் பசளையும் பற்றிய அறிவுரைகள் மாத்திரம் போதா. மாறும் மழைக்கும் சந்தைக்கும் ஏற்ப மாறும் ஆற்றல் இம்மக்களிடம் என்றும் இருந்துள்ளது, இல்லாதது நிலவுரிமையே. மலையகத் தொழிலாளியின் பாத்தியில் ஒரு பேரி மரம் அச்சமின்றி நடப்படும் நாளில், அம்மண்ணின் வரலாறு புதிய கட்டமொன்றை எய்தும்.