இருமல் போத்தலின் லேபலில் இருக்கும் வரலாறு



மழை தொடங்கிவிட்டது. இருமல் சத்தம் கேட்காத பாடவேளை ஒன்றுகூட இல்லை. பெற்றோர் பலர் டொக்டரிடம் போவதற்கு முன் பாமசிக்குப் போய், "நெஞ்சுச் சளிக்கு ஒரு பாணி தாங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் போத்தலில் சின்ன எழுத்தில் இருப்பவற்றை நாம் வாசிப்பதில்லை. அவற்றில் பல வரிகளுக்குப் பின்னால் ஜனாஸாக்கள் இருக்கின்றன.

முதலில் சொல்லிலிருந்து வருவோம். 'சிரப்' என்பது 'ஷராப்' என்ற அறபுச் சொல்லிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. 'எலிக்ஸர்' என்பது நம் 'அல்-இக்ஸீர்'. கசப்பு மருந்தைச் சீனிப்பாகிலும் தேனிலும் கலந்து கொடுக்கும் முறையை முஸ்லிம் வைத்தியர்கள் பெரிதாக வளர்த்தெடுத்தார்கள். யூனானியில் இருமலுக்கு நக்கிச் சாப்பிடக் கொடுக்கும் 'லஊக்' இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இனிப்பு என்றால் சீனி, தேன், பழரசம். வேறொன்று அந்த இடத்துக்கு வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

1937. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மசெங்கில் என்ற மருந்துக் கம்பனி. தொண்டைத் தொற்றுக்கு நன்றாக வேலை செய்த சல்ஃபனிலமைட் அதுவரை மாத்திரையாகவும் தூளாகவும்தான் இருந்தது. தென் மாநிலங்களில் பாணியாகக் கேட்கிறார்கள் என்று விற்பனையாளர் சொல்ல, கம்பனியின் தலைமை இரசாயனவியலாளர் அதைக் கரைக்க ஒரு திரவம் தேடினார். டயெத்திலீன் கிளைக்கோலில் நன்றாகக் கரைந்தது. நிறமில்லாத, இனிப்பான திரவம். ராஸ்பெரி சுவையும் சேர்த்தார்கள். சுவை, நிறம், வாசனை எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். நஞ்சா என்று மட்டும் பரிசோதிக்கவில்லை, ஏனென்றால் அன்றைய சட்டம் அதைக் கேட்கவில்லை.

15 மாநிலங்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். சிறுநீர் நின்றுபோய், நாட்கணக்கில் வலியோடு. அரசாங்கம் 239 பேரை அனுப்பிக் கடை கடையாக, வீடு வீடாகத் தேடியது. தயாரித்த 240 கலனில் 234 கலன் திரும்பக் கிடைத்தது. அந்த மிச்ச ஆறு கலனுக்குள்தான் இத்தனை உயிர்களும்.

இதில் எங்களை யோசிக்க வைப்பது சட்டத்தின் நிலைமை. மக்கள் இறந்ததற்காக அந்த மருந்தைக் கைப்பற்ற அதிகாரம் இருக்கவில்லை. 'எலிக்ஸர்' என்றால் அதில் அற்ககோல் இருக்க வேண்டும், இதில் இல்லை, எனவே பெயர் தவறு என்ற ஒரே காரணத்தில்தான் கைப்பற்றினார்கள். 'கரைசல்' என்று பெயர் வைத்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது. அறபுச் சொல் ஒன்று அங்கே சட்டத்தின் வேலையைச் செய்திருக்கிறது! அடுத்த வருடம், 1938இல், விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இருமல் பாணிகளில் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல் போன்றவை கரைப்பானாகச் சேர்க்கப்படுகின்றன. டயெத்திலீன் கிளைக்கோல் பார்வைக்கும் சுவைக்கும் அவற்றைப் போலவே இருக்கும். தொழிற்சாலைப் பொருள் என்பதால் விலை குறைவு. 2006இல் பனாமாவில், சீனாவிலிருந்து கிளிசரின் என்று வந்த பீப்பாய்களில் இருந்தது இதுதான். அரசாங்கமே தயாரித்துக் கொடுத்த இருமல் பாணியில் அது கலந்தது. 2022இல் காம்பியாவில் சுமார் 70 பிள்ளைகள், அதே வருடம் இந்தோனேசியாவில் சுமார் 200 பிள்ளைகள், அதன்பின் உஸ்பெகிஸ்தான். மூன்றும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்தத் தடிமன் பாணி தயாரானது நமக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 வீதத்தைத் தாண்டக் கூடாத நஞ்சு அதில் 48.6 வீதம் இருந்ததாக ஆய்வுகூடம் சொன்னது.

இப்போது மருந்துக்கு வருவோம். சளியை இளக்குவதாக விற்கப்படுபவற்றில் முக்கியமானவை குவைஃபெனசின், ப்ரோம்ஹெக்சின், அம்ப்ரொக்ஸோல். முதலாவதின் வேர் கரீபியன் தீவுகளின் குவாயக் மரத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அதை வேறு நோய்க்காகக் கப்பலில் ஏற்றிப்போனார்கள். ப்ரோம்ஹெக்சின், நம் வேலியோரத்து ஆடாதோடையில் உள்ள வசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. அதன் உறவுதான் அம்ப்ரொக்ஸோல். உம்மும்மா அவித்துத் தந்த கசாயமும் பாமசிப் போத்தலும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்றும் சொல்லலாம்.

இவை சளியைத் தண்ணீராக்கி வெளியேற உதவலாம். கிருமியைக் கொல்லாது, நோயின் நாட்களைக் குறைக்கும் என்பதற்கும் வலுவான சான்று இல்லை. ஆகவே ஒரு பாணி கேட்கவில்லை என்று இரண்டாவது போத்தல் வாங்குவதில் அர்த்தமில்லை. ஆபத்தும் அங்கேதான். பல பாணிகள் கலவைகள். ஒன்றில் பெனடோலில் உள்ள அதே பரசிற்றமோல் இருக்கும். பெனடோலும் கொடுத்தால் இரண்டு மடங்கு. இன்னொன்றில் சல்பியூட்டமோல் இருக்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சளியை வெளியேற்றும் மருந்தோடு இருமலை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் குடித்தால் இளகிய சளி எப்படி வெளியே வரும்? "இதில் அற்ககோல் இருக்கா?" என்று பாமசியில் கேட்கும் நம்மவர்கள், அதே மூச்சில் "வேறென்ன இருக்கு?" என்றும் கேட்கலாம்.

வயதைப் பற்றிய வரியும் இப்படித்தான் வந்தது. குழந்தைகள் பாதிக்கப்பட்ட பிறகு, 2008இல் அமெரிக்காவில் 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்றார்கள். கம்பனிகள் லேபலில் 4 வயது என்று போட்டன. பிரித்தானியாவில் 2009இல் 6 வயது. சின்னப் பிள்ளைக்கு டொக்டர் சொல்லாமல் பாணி வேண்டாம். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கப்போகும் முன் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. பெரியவர்களுக்கு இளஞ்சூடான தண்ணீரும் கொத்தமல்லியும் பாதி வேலையைச் செய்யும்.

குடிப்பதென்றால் போத்தலோடு வரும் அளவு மூடியில்தான். சமையலறைக் கரண்டிகள் எதுவும் சரியாக 5 மில்லிலீற்றர் பிடிப்பதில்லை. மூச்சு வாங்கினால், விலா உள்வாங்கினால், சளியில் இரத்தம் வந்தால் பாமசியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்; அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம்.

போத்தல் முடிந்தவுடன் எறிய வேண்டாம்.  தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, தயாரித்த இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. பாணி குடித்த பிள்ளை வாந்தி எடுத்து, வயிறு வலிக்கிறது என்று சொல்லி, சிறுநீர் போவதும் குறைந்தால், பிள்ளையைத் தூக்கும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.