18 பேர் இருந்தால் எதிர்க்கட்சித் தலைவர், 11 பேர் இருந்தால்? ஆந்திராவில் ‘நிழல் அமைச்சர்’ யாரும் இல்லாதது ஏன்?

2025 ஜனவரி 8. திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல். 6 பக்தர்கள் இறந்துபோனார்கள். வார இறுதியில் சென்னையிலிருந்து பஸ் ஏறி திருமலை போய் வருகிற உங்களுக்கு இது எங்கோ நடந்த செய்தி இல்லை. ஆந்திர சட்டமன்றத்தில் அறநிலையத் துறை அமைச்சரைப் பார்த்து, ‘கூட்டத்தை யார், எப்படித் திட்டமிட்டார்கள்?’ என்று கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ யார்?

பிரிட்டனாக இருந்தால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். அங்கே எதிர்க்கட்சித் தலைவர் தன் எம்.பி-க்களில் நிதிக்கு ஒருவர், உள்துறைக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர் என நியமித்துவிடுவார். அமைச்சர் பேசி முடித்ததும் அந்தத் துறையின் ‘நிழல் அமைச்சர்’ எழுந்து பதில் சொல்வார். யாருக்கு எந்தத் துறை என்பது தலைவரின் முடிவு. லேபர் கட்சியில் மட்டும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது நிழல் அமைச்சர்களை எம்.பி-க்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. 2011-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இந்தியச் சட்டங்கள் இப்படி ஒரு நிழல் அமைச்சரவையைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டத்தில் இடம் இருப்பது எதிர்க்கட்சித் தலைவர் என்ற ஒரே பதவிக்குத்தான். அதனால் விருப்பப்பட்ட கட்சி தானே பிரித்துக் கொடுக்கலாம். 2024-ல் ஒடிசாவில் ஆட்சியை இழந்த நவீன் பட்நாயக், சில வாரங்களிலேயே தன் எம்.எல்.ஏ-க்களுக்குத் துறைகளைப் பங்கிட்டார். 2020-ல் மகாராஷ்டிராவில் ராஜ் தாக்கரேயின் எம்.என்.எஸ் கட்சியும் நிழல் அமைச்சரவை அறிவித்தது. அப்போது சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்கு இருந்தது ஒரே ஒரு எம்.எல்.ஏ!

சரி, ஆந்திராவில் என்ன சிக்கல்?

2024 தேர்தலில் 175 இடங்களில் தெலுங்கு தேசம், ஜனசேனா, பா.ஜ.க கூட்டணிக்கு 164. மிச்சம் 11 ஒய்.எஸ்.ஆர் காங்கிரஸுக்கு. அந்தக் கட்சி வாங்கிய ஓட்டு கிட்டத்தட்ட 39%. பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தவை புங்கனூரும் தம்பல்லபள்ளியும் மட்டும். 2019-ல் இதே 14-ல் 13 அதனிடம் இருந்தன. தெலுங்கு தேசத்துக்கு அப்போது மிஞ்சியது சந்திரபாபு நாயுடுவின் குப்பம் மட்டும்தான்.

சபையில் பத்தில் ஒரு பங்கு பலம் இருக்கும் கட்சியின் தலைவருக்குத்தான் எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்து என்பது, முதல் மக்களவை சபாநாயகர் மாவலங்கர் காலத்திலிருந்து வரும் மரபு. 175-க்கு அது 18. ஆந்திரச் சட்டத்தில் இந்த எண் இல்லை. எதிரணியில் அதிக உறுப்பினர்கள் கொண்ட கட்சியின் தலைவர், சபாநாயகரால் அங்கீகரிக்கப்பட்டவர் என்றுதான் இருக்கிறது. ஜெகன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்: ஆளுங்கூட்டணிக்கு வெளியே இருக்கும் ஒரே கட்சி நாங்கள்தானே? 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்துக்கும் போனார். சபாநாயகர் அய்யன்னபாத்ருடு பிடித்துக்கொண்டது இரண்டாம் பாதியை. 2025 மார்ச்சில் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கு. 2019-ல் தெலுங்கு தேசத்துக்கு 23 எம்.எல்.ஏ-க்கள். அதில் சிலரை இழுத்தாலே சந்திரபாபுவின் அந்தஸ்து போய்விடும் என்று சபையில் சொன்னவர், அன்றைய முதல்வர் ஜெகன். அந்தப் பேச்சைத்தான் 2024-ல் தெலுங்கு தேசம் திருப்பி எடுத்து வைத்தது.

சபாநாயகர் மனம் வைத்தால் எண்ணிக்கை தடையே இல்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 2015-ல் டெல்லியில் 70-க்கு 3 பேரே இருந்த பா.ஜ.க-வின் விஜேந்தர் குப்தாவுக்கு அந்தஸ்து கிடைத்தது. தமிழ்நாட்டில் கதை வேறு: 2016 பிப்ரவரியில் எம்.எல்.ஏ-க்கள் ராஜினாமா செய்து தே.மு.தி.க பலம் 24-க்குக் கீழே போனதும், விஜயகாந்த் அந்தப் பதவியை இழந்தார்.

பதவி போனால் வேறு என்ன போகும்?

கேபினட் அந்தஸ்து, அறை, ஊழியர்கள் எல்லாம் சின்ன விஷயம். பெரிய இழப்பு பொதுக் கணக்குக் குழு. சி.ஏ.ஜி அறிக்கையை வைத்து அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் குழு இது. தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது வழக்கம். 2019-ல் அப்படி அதன் தலைவரான தெலுங்கு தேசத்தின் பய்யாவுல கேசவ், 2024-ல் நிதியமைச்சரே ஆகிவிட்டார். நிழலில் எடுத்த பயிற்சி என்றால் இதுதான்!

2024 நவம்பரில் அந்தக் குழுவுக்கு மனு போட்டவர் புங்கனூர் எம்.எல்.ஏ பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டி. சட்டமன்றத்திலிருந்து 9 பேர், விகிதாச்சார வாக்கெடுப்பு. 175 பேரும் ஓட்டுப் போட்டால் ஒரு இடத்துக்கு 18 ஓட்டு வேண்டும். மறுபடியும் அதே 18! கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. தலைவரானவர் ஆளுங்கூட்டணியில் இருக்கும் ஜனசேனாவின் புலபர்த்தி ராமாஞ்சநேயுலு. (நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2021-ல் தமிழ்நாட்டிலும் இந்தப் பதவி தி.மு.க-வின் கூட்டணிக் கட்சியான காங்கிரஸுக்குத்தான் போனது.)

மேலவையில் நிலைமை தலைகீழ். அங்கே ஒய்.எஸ்.ஆர் காங்கிரஸுக்கு ஆட்கள் அதிகம், போத்சா சத்யநாராயணா எதிர்க்கட்சித் தலைவர்.

அந்தஸ்து இல்லாததால் கட்சிக்குப் பேச நேரம் குறையும் என்ற ஜெகனின் புகாரில் நியாயம் இருக்கு. ஆனால் 11 பேருக்குத் துறைகளைப் பிரித்துக் கொடுக்க எந்த சபாநாயகரின் கையெழுத்தும் தேவையில்லை. கேள்வி நேரத்தில் கேள்வி கொடுப்பதும் ஒவ்வொரு எம்.எல்.ஏ-வின் உரிமை. அதற்குச் சபைக்குள் இருக்கணும். அந்தஸ்து கேட்டுப் பெரும்பாலும் சபையைப் புறக்கணித்தே வருகிறது கட்சி. அனுமதி இல்லாமல் 60 நாள் வராத உறுப்பினரின் இடம் காலி என்று சபை அறிவிக்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டப் பிரிவு 190(4).

திருப்பதி வாக்காளருக்கு இப்போது எம்.எல்.ஏ, ஜனசேனாவின் ஆரணி சீனிவாசுலு. ஆளுங்கூட்டணிக்காரர். எம்.பி, ஒய்.எஸ்.ஆர் காங்கிரஸின் குருமூர்த்தி. மாநில அரசை எதிர்த்து அவர் பேச வேண்டுமென்றால், டெல்லியில்தான் பேசணும்.