எந்தத் தெருப் பிள்ளை?

பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களை எண்ணுவது சுலபம், பதிவேட்டைத் திறந்தால் போதும். வராதவர்களை எங்கே போய் எண்ணுவது? இங்கிலாந்து அதற்கு வரைபடத்தை நம்பியது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

முதலில் கொஞ்சம் பின்னாடி போகணும். 1880களில் சார்லஸ் பூத் என்கிற கப்பல் முதலாளி, லண்டனில் ஏழைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கக் கிளம்பினார். 1889ல் வெளியான அவருடைய வரைபடத்தில் தெருவுக்குத் தெரு நிறம் மாறும். பெரும் பணக்காரர்கள் மஞ்சள், அடிமட்டம் கறுப்பு. இவருக்கு விவரம் கொடுத்தது யார் தெரியுமா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பள்ளி வாரிய ஊழியர்கள்! எந்த வீட்டில் என்ன பிழைப்பு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பூத் அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தார். ஆக, உலகப் புகழ்பெற்ற வறுமை வரைபடமே பள்ளிக்கூட வருகையிலிருந்து பிறந்ததுதான். இதில் பலரும் கவனிக்காத விஷயம் இது.

அங்கிருந்து நூறு வருஷத்துக்கு மேல் தாண்டி 2005க்கு வருவோம். இங்கிலாந்தின் உயர்கல்வி நிதி மன்றம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. மாணவரின் போஸ்ட்கோடை வைத்து, 18, 19 வயதில் பல்கலைக்கழகம் போனவர்கள் எந்த வார்டில் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். நம்ம ஊர் பின்கோடு மாதிரி நினைக்காதீங்க. இங்கே ஒரு பின்கோடுக்குள் ஒரு பேட்டையே அடங்கிவிடும். அங்கே ஒரு போஸ்ட்கோடுக்குச் சராசரியாகப் பதினைந்து முகவரிதான். வசதியான 20 சதவீதப் பகுதிகளின் பிள்ளைகளுக்கு, பின்தங்கிய 20 சதவீதப் பகுதிகளின் பிள்ளைகளைவிட ஐந்து, ஆறு மடங்கு வாய்ப்பு இருந்தது. ஒரே நகரத்துக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் இரண்டு தேசம் மாதிரி தெரிந்தன.

இந்தக் கணக்கிலிருந்துதான் 'போலார்' என்ற வகைப்பாடு வந்தது. நாட்டின் பகுதிகளெல்லாம் ஐந்து பிரிவு; முதல் பிரிவு என்றால் பல்கலைக்கழகம் போகிறவர்கள் மிகக் குறைவு. பல்கலைக்கழகங்களின் சேர்க்கை இலக்குகள் இதை வைத்து எழுதப்பட்டன. பல இடங்களில், முதல் பிரிவு முகவரி இருந்தால் ஒன்றிரண்டு கிரேடு குறைத்தும் இடம் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையின் எதிர்காலம் அந்த நிறத்தில் வந்து நின்றது.

சிக்கலும் அங்கேதான். வரைபடம் பகுதியை அளக்கிறது, வீட்டை அளப்பதில்லை. பூத் முதலில் ஆராய்ந்த கிழக்கு லண்டனையே எடுத்துக்குங்க. டவர் ஹாம்லெட்ஸில் குழந்தை வறுமை இன்றும் நாட்டிலேயே மிக மோசமான அளவில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள். அதனால் லண்டன் முழுவதிலுமே முதல் பிரிவுப் பகுதிகள் மிகக் குறைவு. அங்கே இருக்கிற ஏழைப் பெண்ணுக்குச் சலுகை கிடையாது. முதல் பிரிவு வார்டில் பெரிய வீட்டில் இருக்கிற டாக்டர் மகனுக்கு உண்டு. பள்ளியில் இலவச மதிய உணவு சாப்பிடும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதல் பிரிவுக்கு வெளியேதான் வசிக்கிறார்கள்.

அளவைத் திருத்திப் பார்த்தார்கள். 2019ல் 'டன்ட்ரா' என்று இன்னொன்று வந்தது; அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளின் பிள்ளைகளை மட்டும் எண்ணியது. பகுதியைச் சின்னதாக்கினால் சரியாகுமா? ஸ்காட்லாந்து தன் நாட்டை ஏறத்தாழ ஏழாயிரம் சிறு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மிகப் பின்தங்கிய ஐந்தில் ஒரு பங்கு வட்டாரங்களிலிருந்து 2030க்குள் 20 சதவீத மாணவர்கள் வரணும் என்பது இலக்கு. ஆனால் ஆர்க்னி, ஷெட்லாண்ட் தீவுகளில் அப்படி ஒரு வட்டாரம்கூடக் கிடையாது. கிராமத்தில் ஏழையும் வசதிக்காரரும் கலந்து இருப்பதால், சராசரி போட்டால் ஏழை காணாமல் போய்விடுகிறார். என்னைக் கேட்டால், எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் இந்தத் தொல்லை தீராது.

இப்போது பல பல்கலைக்கழகங்கள் முகவரியோடு இலவச உணவுப் பதிவையும் சேர்த்துப் பார்க்கின்றன. அதற்கும் பொதுவாகப் பெற்றோர்தான் விண்ணப்பிக்கணும். கூச்சத்தில் விண்ணப்பிக்காமல் விட்ட வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலிலும் இருக்காது.