பதிவெண் கிடைக்காத மூன்று சக்கரங்கள்

சொந்தப் பட்டறையில் கார் செய்ய முனைபவர்கள் நான்காவது சக்கரத்தைக் கைவிடுவது மோட்டார் வண்டியின் வயதே உள்ள வழக்கம். 1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டிக்கும் மூன்று சக்கரம்தான். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் ஒரு கோணத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் வேறொரு கோணத்திலும் திரும்ப வேண்டும். அதற்கான ஏற்பாடு அப்போது அவருக்குத் திருப்தியாக அமையாததால், முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்தார். பிரிட்டனில் காரணம் வேறு. எடை குறைந்த மூன்று சக்கர வண்டிக்கு அங்கே மோட்டார் சைக்கிளுக்குரிய குறைந்த வரியே விதிக்கப்பட்டது; மார்கன், ரிலையன்ட் ஆகிய கார் நிறுவனங்கள் அந்தச் சலுகையின் நிழலில் வளர்ந்தன.

தமிழ்நாட்டில் பட்டறையிலேயே பிறந்த மூன்று சக்கர வண்டிக்குச் சரியான எடுத்துக்காட்டு சென்னையின் மீன்பாடி வண்டி. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் சரக்குத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவரின் இருக்கை. மிதிவண்டியாக ஓடிய இதில் பழைய மொபெட், ஸ்கூட்டர் என்ஜின்கள் ஏறின. கழித்த வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை போன்ற சந்தை இருக்கும் நகரில் என்ஜினுக்குப் பஞ்சமில்லை. குழாயை வளைக்கவும் வெல்டிங் அடிக்கவும் தெரிந்தால் போதும். மீன் மட்டுமல்ல, கம்பி, பீரோ, ஐஸ் பாளம் என எல்லாம் இதில் போயின. வரைபடம் போட்டு யாரும் செய்ததில்லை என்றாலும், இதன் அமைப்பில் ஒரு நல்ல பொறியியல் கணக்கு ஒளிந்திருக்கிறது.

மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். திருப்பத்தில் வண்டி அந்த முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தின் மேல்தான் கவிழும். எடை ஒற்றைச் சக்கரத்தை நோக்கி நகர நகர அந்தப் பக்கம் நெருங்கிவிடும். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர், முன் பின் இடைவெளி 2 மீட்டர் என்று கொள்வோம். நான்கு சக்கர வண்டியில் எடையின் மையத்திலிருந்து கவிழும் கோடு 60 செ.மீ. தள்ளியிருக்கும். மூன்று சக்கரத்தில், மையம் இரட்டை அச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில் இருந்தாலும், அது சுமார் 38 செ.மீ.தான். ஆகவே என்ஜின், ஆள், சரக்கு எல்லாவற்றையும் இரட்டை அச்சுக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக வைப்பதே வடிவமைப்பின் முதல் வேலை. திருப்பத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னோக்கிச் சாயும். முன்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆட்டோவைப்போல் ஒற்றைச் சக்கரம் இருந்தால் முன் மூலையில் கவிழப் பார்க்கும். இந்த வகையில் மீன்பாடி வண்டியின் அமைப்பு ஆட்டோவினுடையதைவிட மேல். அதன் பலவீனம் பிரேக்கில் இருந்தது.

காரைப் பொறுத்தவரை இங்கே தடை திறமையில் இல்லை, தாளில் இருந்தது. கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். 2,000 ரூபாய்க்கு விற்கலாம் என்பது அவர் கணக்கு. தொழிற்சாலைக்கு அரசு உரிமம் தேவைப்பட்ட காலம் அது. உரிமம் வரவில்லை, காரும் வரவில்லை. உரிமம் பெற்று வெளிவந்த அபூர்வமான மூன்று சக்கரக் கார், 1970களின் நடுவில் பெங்களூரில் சன்ரைஸ் நிறுவனம் செய்த ‘பாதல்’. ஃபைபர் பாடி, பின்னால் 198 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின், முன்னால் ஒற்றைச் சக்கரம். விற்பனை சூடு பிடிக்கவில்லை. அதற்கே பிறகு நான்காவது சக்கரம் சேர்த்தார்கள். அடுத்து, அதே நிறுவனத்திடமிருந்து, சிபானி என்ற பெயரில், ரிலையன்டின் நான்கு சக்கர ‘கிட்டன்’ காரைத் தழுவி ‘டால்ஃபின்’ வந்தது. மூன்று சக்கரத்துக்குப் பேர்போன நிறுவனத்திடமிருந்து நான்கு சக்கரத்தை வாங்கியது வேடிக்கைதான்.

1991க்குப் பிறகு தொழில் உரிமத்தின் பிடி தளர்ந்தது. அதன்பின் படிப்படியாக ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் வாகன ஊராக மாறியது: இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வந்தது, பின்னாளில் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் எழுந்தன. தனியாள் செய்த வண்டிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வண்டி சாலையில் ஓடக் கூடாது; பதிவு செய்த வண்டியின் அமைப்பையும் இஷ்டப்படி மாற்ற முடியாது. வட இந்தியக் கிராமங்களில் நீரிறைக்கும் என்ஜினைக் கொண்டு செய்யும் ‘ஜுகாட்’ வண்டியும் மோட்டார் வாகனமே, பதிவு கட்டாயம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டியும் இதே சிக்கலில்தான் மாட்டியது: காட்டுவதற்கு ஆர்.சி. புக் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, மோதினால் இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் இல்லை. தடைக்கு நியாயமான காரணம் என்றால் இந்தக் கடைசி ஒன்றுதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, தயாரிப்பாளர் தன் மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். அத்தகைய நிலையம் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது: உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம். பிரேக், புகை, சத்தம், விளக்கு என்று சோதனைகள் நீளும். பிறகு, ஆலையிலிருந்து வரும் வண்டிகள் அந்த மாதிரியைப்போலவே இருக்கின்றனவா என்ற தொடர் சோதனையும் உண்டு. ஒரே ஒரு வண்டி செய்தவரிடம் இதைக் கேட்பதில் அர்த்தமில்லை. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கெனத் தனி ஒப்புதல் முறை உண்டு. இந்திய விதிகளோ ஆலையையும் இறக்குமதியாளரையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

பதிவெண் கேட்காத தார்ச்சாலை ஒன்று இருங்காட்டுக்கோட்டையில் உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்தது. 1980களின் இறுதியில் இங்கே சுமார் 3.7 கி.மீ. நீளப் பந்தயப் பாதையை அமைத்தது. கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800இன் 796 சி.சி. என்ஜினைக் கொண்டு செய்த ‘ஃபார்முலா மாருதி’ கார்கள் இதில் ஓடின. நரைன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியதும் அதில்தான். பின்னாளில் பொறியியல் மாணவர்கள் கல்லூரிப் பட்டறையில் செய்த கார்களும் போட்டிக்காக இங்கே வந்தன. அவர்களுக்கு மூன்று சக்கரத்திலும் ஒரு போட்டி உண்டு: வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பின் வட இந்தியப் பிரிவு நடத்தும் ‘எஃபிசைக்கிள்’. மிதியும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், இருவர் அமரும் வண்டியை அதில் வடிவமைக்க வேண்டும்.

பொதுச் சாலைக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடைவெளி சிறியது. 0.25 கிலோவாட்டுக்குக் குறைவான மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவான வேகமும் கொண்ட, விதிகளில் சொன்ன பிற நிபந்தனைகளுக்கும் உட்பட்ட பேட்டரி வண்டி, சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. மாற்றுத்திறனாளி தன் தேவைக்கேற்ப வண்டியை மாற்றியமைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. தமிழக அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்கள் பதிவெண்ணோடுதான் ஓடுகின்றன.