உலைக்கசடு மணலான வரலாறு

2017 அக்டோபரில், மலேசியாவிலிருந்து 50,000 டன்னுக்கும் மேற்பட்ட மணலை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. காவிரி, பாலாறு, தாமிரபரணி என ஆறுகளைத் தோண்டித் தீர்த்த தமிழ்நாடு, கடல் கடந்து மணல் வாங்கும் நிலைக்கு வந்திருந்தது. அதே ஊரில் தாமிர உருக்காலையின் கரிய கசடு, மணலின் பருமனிலேயே, குன்றுகளாகக் கிடந்தது. ஒரே ஊரில் மணல் பஞ்சமும் மணலாகக்கூடிய கழிவின் தேக்கமும் சேர்ந்து நின்றது எப்படி என்பதற்கு விடை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கட்டுமான வரலாற்றில் இருக்கிறது.

தொழிற்கழிவைக் கான்கிரீட்டில் சேர்க்கும் பழக்கம் புதியதல்ல. கொதிகலன்களில் எரிந்த நிலக்கரியின் கட்டிச் சாம்பல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மலிவாகக் கிடைத்தது. நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றின் தளங்கள் இந்தச் சாம்பல் கான்கிரீட்டால் ஆனவை. 1931-இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடமும் அவற்றில் ஒன்று. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் ஸ்ட்ராப், சாம்பலைக் கொண்டு கட்டுமானக் கல் வார்க்கும் முறைக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். எடை குறைவு, தீயைத் தாங்கும், ஆணியும் இறங்கும் என்று அந்தக் கல் நாடெங்கும் பரவியது.

சாம்பலில் கந்தகம் இருந்தது. ஈரம் பட்டால் அது கம்பியையும் உள்ளே பதித்த குழாய்களையும் அரித்தது. எரியாத கரித்துண்டுகள் கலந்த கலவை, வலுவிலும் நம்ப முடியாததாக இருந்தது. கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதன் வேதியியலைப் பார்க்காமல் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டடத்துறை முதலில் கற்றது இங்கேதான்.

இந்தப் பாடத்தை முறையான விதிகளாக்கிய நாடு ஜப்பான். அங்கே ஆற்று மணல் 1960-களிலேயே தட்டுப்பாடாகிவிட, கட்டுநர்கள் கடல் மணலுக்குப் போனார்கள். சரியாகக் கழுவாத கடல் மணலின் உப்பு கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்தது. 1975-இல் ஹகாத்தா வரை நீண்ட சான்யோ அதிவேக ரயில் பாதையின் மேம்பாலங்கள் இளம் வயதிலேயே விரிசல் விட்டது 1980-களில் பெரும் விவாதமானது. மறுபக்கம் அந்நாட்டின் இரும்பு, தாமிர ஆலைகளில் கசடு மலையாகக் குவிந்தது. ஊதுலைக் கசட்டு மணலுக்கு 1981-இலும், தாமிரக் கசட்டு மணலுக்கு 1997-இலும், மின்வில் உலைக் கசட்டுக்கு 2003-இலும் ஜப்பான் தனித்தனித் தரநிலைகள் வகுத்தது. 'கசடு' என்று ஒரே சொல்லில் அடக்காமல், எந்த உலையின் கசடு, எந்தப் பருமன், என்ன சோதனை என்று பிரித்துப் பார்த்ததே அந்த நாட்டின் சாதனை.

இந்தப் பிரிவினை ஏன் தேவை? எஃகு ஆலைக் கசட்டில் தனிச் சுண்ணாம்பு இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி மெல்ல வீங்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். தாமிரக் கசட்டுக்கு அந்தக் குணம் இல்லை. உலையிலிருந்து உருகி வரும் கசட்டைத் தண்ணீரில் திடீரெனக் குளிர்வித்தால், அது கண்ணாடி போன்ற கரிய மணிகளாகச் சிதறும். இரும்பும் சிலிக்காவும் கலந்த அந்த மணிகள் கடினமானவை, கூர்முனை கொண்டவை, தண்ணீரை அநேகமாக உறிஞ்சாதவை.

அந்த உறிஞ்சாமைதான் நன்மையும் சிக்கலும். ஓமன் நாட்டின் சுல்தான் கபூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டின. மணலில் பாதி வரை தாமிரக் கசட்டைச் சேர்த்தாலும் கான்கிரீட்டின் வலு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதற்கு மேல் போனால் குறைந்தது. மணிகள் குடிக்காத தண்ணீர் கலவையில் தங்கி, மேலே ஊறி வந்து நிற்பதுதான் காரணம். அவர்கள் பரிந்துரைத்த அளவு 40 சதவீதம்.

எடையிலும் கவனம் வேண்டும். ஆற்று மணலின் ஒப்படர்த்தி சுமார் 2.6, தாமிரக் கசட்டுக்கு அது 3.5-ஐத் தாண்டும். மணலுக்குப் பதிலாக அதே எடையில் கசட்டைக் கொட்டினால் கலவையின் கன அளவு குறையும். கன அளவால் மாற்றினால், ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் 40 சதவீத மாற்றீட்டுக்குச் சுமார் 100 கிலோ கூடும். தூணும் அடித்தளமும் அதையும் சுமக்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். கொத்தனாரின் சட்டிக் கணக்குக்கு விட்டுவிடக்கூடிய வேலை அல்ல இது.

இந்தியாவுக்கு வருவோம். ஜல்லிக்கும் மணலுக்கும் உரிய ஐ.எஸ். 383 தரநிலை 1952-இல் வந்தது. 1963, 1970 ஆண்டுகளில் திருத்தப்பட்டும் இயற்கை மூலங்களோடே நின்றது. தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரிகளை 2003-இல் அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது, அள்ளுவது குறையவில்லை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. இடையில் 2016-இல்தான் ஐ.எஸ். 383 கதவைத் திறந்தது. எம்-சாண்டுடன் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) இரும்பு, எஃகு, தாமிரக் கசடுகளும் இடிபாட்டுக் கான்கிரீட்டும் அதில் இடம்பெற்றன. தாமிரக் கசட்டு மணலுக்கு உச்ச அளவு: கம்பியில்லாத கான்கிரீட்டில் 40 சதவீதம், கம்பி போட்டதில் 35, எம்15 வலுத்தரத்துக்குக் கீழான மெலிந்த கலவையில் 50. எஃகுக் கசட்டுக்குக் கம்பி போட்ட கான்கிரீட்டில் இடமே இல்லை.

பட்டியல் இன்னும் முழுமையாகவில்லை. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வார்ப்புக்குப் பயன்பட்டுக் கழியும் மணல் அடிப்படையில் நல்ல சிலிக்கா மணல்தான். பாட்டியாலாவின் தாப்பர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், 30 சதவீதம் வரை அதைச் சேர்த்தபோது வலு சற்றுக் கூடவே செய்தது. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் பெண்டோனைட் களிமண்ணும் கரித்தூளும் தண்ணீரைக் குடிக்கும். ஆலைக்கு ஆலை அளவும் மாறும்.

இனி தூத்துக்குடி. ஒரு டன் தாமிரத்துக்குச் சுமார் 2.2 டன் கசடு என்பது பொதுக் கணக்கு. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட ஆலை முழு வேகத்தில் ஓடினால் கசடு 9 லட்சம் டன்னை நெருங்கும். அதில் ஒரு பகுதி பள்ளம் நிரப்பவும் தனியார் நிலங்களில் கொட்டவும் போனது. உப்பாற்றின் ஓரத்திலும் குவிந்தது. 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் இசைவைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அடுத்த மாதம் ஆலையை எதிர்த்த போராட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர், ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று அந்த மூடலை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 11 இடங்களில் கிடந்த கசடு அகற்றப்படாததையும் குறிப்பிட்டது.

சிமென்ட்டுக்குள் இறுகிய கசட்டுமணியும் ஆற்றங்கரையில் மழை நனைக்கும் கசட்டுக்குன்றும் ஒன்றல்ல. முதலாவதற்குத் தரநிலை, சோதனை, உச்ச அளவு உண்டு. இரண்டாவதை 'மறுபயன்பாடு' என்று கணக்கில் எழுதுவது ஆற்றுக்கும் ஊருக்கும் செய்யும் அநீதி. ஆகவே கசட்டு மணல் வாங்குவோர், அது எந்த உலையிலிருந்து வந்தது என்ற சான்றையும், சல்லடைப் பகுப்பு முடிவையும், நீரில் ஆர்சனிக், ஈயம் போன்றவை எவ்வளவு கசிகின்றன என்ற ஆய்வக அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.