திருக்கோயில் தேடிய நீரும் தேக்காவின் கால்வாயும்

சிங்கை மாநகரில் இந்துப் பெருமக்கள் எழுப்பிய முதல் திருக்கோயிலின் வரலாறு தண்ணீர்த் தேட்டத்தோடு தொடங்குகிறது. 1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் இந்தியானா என்னும் கப்பலில் வந்திறங்கிய நாராயண பிள்ளை அவர்கள், செங்கற் சூளையும் துணி வாணிகமும் நடத்தித் தமிழ்ச் சமூகத்தின் தலைவராக விளங்கியவர். கோயிலுக்கெனத் தெலுக் ஆயர் பகுதியில் அவருக்கு இடம் வழங்கப்பட்டது. ஆயின் அங்கு நன்னீர் கிட்டவில்லை. திருமஞ்சனத்திற்கு நீரில்லாத இடத்தில் அம்மனை எழுந்தருளச் செய்வது எங்ஙனம்? அடுத்து, இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் எனப்படும் நன்னீரோடையின் அருகே ஓரிடம் கிடைத்தது. அதுவும் 1822இன் நகரமைப்புத் திட்டத்தில் அரசாங்கத் தேவைக்கென ஒதுக்கப்பட்டது. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் அமைந்து, 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் எழுந்தது.

கைநழுவிய அவ்வோடையின் கரையிலும் நம்மவர் வாழ்வு வேரூன்றத்தான் செய்தது. இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அந்நீரில் துணி வெளுத்தமையால் அவ்விடம் தோபி காட் ஆயிற்று. 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளுக்குப் பிராஸ் பாசாவில் சிறை எழுப்பப்பட்டது. சதுப்பு நிலத்தைத் தூர்த்துச் சாலைகளும் பாலங்களும் அமைத்த அக்கைகளுக்குரியவர்களின் பெயர்களைத் தாங்கிய தெரு எதுவும் இங்கில்லை. பின்னாளில் ஓடை கால்வாயாயிற்று. கால்வாய் பெரும்பாலும் மூடப்பட்டு நடைபாதைக்கு அடியில் மறைந்தது. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆர்ச்சர்டு சாலையை வெள்ளம் சூழ்ந்தபோதுதான் அப்படியொரு நீர்வழி இருப்பதையே பலரும் நினைவுகூர்ந்தனர். அதன் சுமையைக் குறைக்கும் திசைமாற்றுக் கால்வாய் 2018இல் நிறைவுற்றது.

ரோச்சோர் கால்வாயோ சிராங்கூன் சாலைக்கு இன்னும் அணுக்கமானது. அதன் கரையில் மூங்கில் செழித்திருந்ததால் ஹொக்கியன் மக்கள் அவ்விடத்தைச் சிறுமூங்கிலடி எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர்; அதுவே தமிழர் நாவில் தேக்கா என்று நிலைத்தது. நீரும் புல்லும் மிகுந்திருந்தமையால் மாட்டு வாணிகம் தழைத்தது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரும், பஃபலோ சாலையும், கெர்பாவ் சாலையும் அதற்குச் சான்றுகள். பட்டறைகளும் ஆலைகளும் பெருகப் பெருகக் கால்வாய் கறுத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டே பாலத்தைக் கடந்த காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு நோக்கிச் செல்லும்போது கடப்பதும் இக்கால்வாயைத்தான்.

1977ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ பணித்தார். ரோச்சோர் கால்வாய் காலாங் வடிநிலத்தைச் சேர்ந்ததாதலால் அதற்கும் விடிவு பிறந்தது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. சுமார் 5,000 தெருவோர வணிகர்கள் அங்காடி நிலையங்களுக்கு மாறினர். 1983இல் சரக்குத் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. தொடக்கக் காலத்தில் அத்தொழிலில் முன்னின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களே. 1987இல் பணி நிறைவேறியது. தூய்மைக்கு விலை கொடுத்தவர்கள் ஆற்றோரம் பிழைத்த எளியோர் என்பதையும் வரலாறு மறைக்கலாகாது.

ஆணையால் தூய்மையான நீரை ஆணையால் மட்டும் காக்க இயலவில்லை. 1998இல் தன்னார்வலர்கள் நீர்வழிக் கண்காணிப்புச் சங்கத்தைத் தொடங்கிப் படகிலேறிக் குப்பை அகற்றலாயினர். மக்களை நீரருகே வரவழைத்தால்தான் அதனைப் பேணுவர் என்று கருதிய பொதுப் பயனீட்டுக் கழகம், 2006இல் துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள் திட்டத்தை வகுத்தது. பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய் உடைக்கப்பட்டு, 2012இல் வளைந்தோடும் ஆறாக மாறியது. நீர்நாய்களும் அங்கு வந்தன. ரோச்சோர் கால்வாயின் 1.1 கிலோமீட்டர் பகுதி புதுப்பிக்கப்பட்டு 2015இல் திறக்கப்பட்டது.

மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்டபின், அக்கால்வாயின் நீர் நேராகக் கடலுக்குப் போவதில்லை; மரினா நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு, குடிநீராகிறது. தேக்காவில் பெய்யும் மழையும் அதில் ஒரு பங்கு. நாராயண பிள்ளை அவர்கள் தெலுக் ஆயரில் தேடிக் காணாத நன்னீர், இன்று ஆலயக் குழாயில் அபிஷேகக் குடத்தை நிறைக்கிறது.